ஊற்று இருந்த பக்கம்

எங்கள் வேலைத்தளத்தில் அடுத்த வாரம் யார் எந்த இடத்துக்குப் போகிறார்கள் என்பதைச் சுவரில் உள்ள பெரிய திரையில் போடுவார்கள். போலந்து, ஸ்பெயின், தென் திரோல் என்று ஓடும். நாங்கள் அப்பிள் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிறவர்கள். அப்பிள் விளைகிற இடமெல்லாம் எங்களுக்கு வேலை உண்டு. அன்றைக்கு என் பெயருக்கு நேரே ஒரு கிபுட்ஸின் பெயர் இருந்தது. பார்த்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது காலித் திரைக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

காலித் சிரியாக்காரன். டமாஸ்கஸில் பிறந்தவன். அகதியாக ஜேர்மனிக்கு, இந்தக் கார்ல்ஸ்ரூஹேக்கு வந்து, மொழி படித்து, தொழில் படித்து, இப்போது எனக்குப் பக்கத்து மேசையில் மின்பெட்டிகளுக்கு வயர் இழுக்கிறான். என்னைவிட இருபது வயது இளையவன். பேச்சுக் குறைவு. ஆனால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவான். என் வீட்டுப் புட்டை இனிப்புப் போட மறந்த கேக் என்பான்.

"நீ போகிற இடம் எங்கள் ஊர்," என்றான்.

"நீ டமாஸ்கஸ் அல்லவா?"

"நான் டமாஸ்கஸ். அப்பா இந்த இடம்." திரையைக் காட்டினான்.

கோலான் குன்றுகள் 1967ஆம் ஆண்டுப் போரில் சிரியாவின் கையிலிருந்து இஸ்ரேலின் கைக்குப் போன மேட்டுநிலம். துரூஸ் என்னும் சமயத்தாரின் சில ஊர்கள் மட்டும் அங்கே மிஞ்சின. மற்றக் கிராமங்கள் வெறுமையாகி, பிறகு இடிக்கப்பட்டன. இஸ்ரேல் தன் சட்டத்தை அங்கே நீட்டியது. பெரும்பாலான நாடுகள் இன்றும் அதைச் சிரியாவின் நிலம் என்றே சொல்கின்றன. கிபுட்ஸ் என்பது காணி, மாடு, சமையலறை எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழத் தொடங்கியவர்களின் குடியிருப்பு. இவ்வளவும் எனக்குச் செய்திகளில் கேட்ட அளவில்தான் தெரியும். எங்கள் கொம்பனிக்கு அதுவும் வேண்டாம். அங்கே அப்பிள் இருக்கிறது, இயந்திரம் பழுது, அவ்வளவுதான்.

காலித் போக ஏலாது. அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் அலுவலகத்தில் கிடந்தது. கையில் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். "நீ அப்பாவைப் பார்த்துவிட்டுப் போ," என்றான். "உன்னிடம் ஒன்று கேட்பார்."

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். அவனுடைய தகப்பனை எல்லோரும் அபூ காலித் என்பார்கள். டமாஸ்கஸில் பஸ் ஓட்டியவர். முழங்கால் நோவு காரணமாக இப்போது படி இறங்குவது குறைவு. கத்தரிக்காயைச் சுட்டு எள்ளு விழுதில் குழைத்து, சோற்றின் மேல் பொரித்த முந்திரி தூவி, ஆட்டிறைச்சியும் வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடியும்வரை அவர் எதுவும் கேட்கவில்லை. தேநீர் வந்த பிறகு கேட்டார். காலித் ஜேர்மன் மொழியில் மாற்றிச் சொன்னான்.

"எங்கள் ஊர் ஊற்று வீட்டுக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று பார்த்து வா."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். பிறகு கிளாஸைச் சுழற்றியபடி மீதியையும் சொன்னார்.

ஊரை விட்டு ஓடிய அன்று அவருக்குப் பத்து வயது இருக்கும். தமையனுக்குப் பதினான்கு. அவர்களுடன் ஒரு பெரியப்பா இருந்தார். காது கேளாதவர், கல்யாணம் செய்யாதவர், தேனீ வளர்த்தவர். வேலை இல்லாத நேரம் ஊற்றடியில் போய் இருப்பார். குண்டுச் சத்தம் கிட்ட வந்தபோது எல்லோரும் கழுதையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சத்தம் கேட்காது. "போய்க் கூட்டி வா," என்று தாய் இளையவரான அபூ காலித்தை அனுப்பினாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே இல்லை என்றார். காத்திருக்க நேரம் இல்லை. புறப்பட்டார்கள். பெரியப்பாவைப் பற்றிப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

"தமையன் என்ன சொல்கிறான் தெரியுமா? ஊற்று வீட்டுக்குக் கீழே, வாசலில் நின்றாலே தெரியும், நீ வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாய் என்கிறான். நான் சொல்கிறேன், ஊற்று மேலே, பாறைக்குப் பின்னால். ஏறிப் போனால்தான் தெரியும். நான் ஏறினேன்."

தமையன் இப்போது அம்மான் நகரத்தில் இருக்கிறார். இரண்டு பேரும் பெருநாளுக்குப் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கு வந்து பேச்சு முடியும். சில வருடம் பேசாமலும் இருந்திருக்கிறார்கள்.

"அம்மா சாகும்வரை யார் பக்கமும் பேசவில்லை," என்றார் அபூ காலித்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி ஜெசிந்தா பெட்டிக்குள் துவாய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் போறது மெசினைத் திருத்தத்தானே?"

"ஓம்."

"அப்ப அதை மட்டும் பாருங்கோ. சைரன் அடிக்கிற இடத்திலை போய் ஊற்றுத் தேடித் திரியாதேங்கோ."

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. பல வருடம் இராணுவ முள்கம்பிக்குள் இருந்த ஊர். திறந்துவிட்டபோது நானும் ஜெசிந்தாவும் போய், வீடு இருந்த இடம் என்று ஒரு பற்றையைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம். அது சரியான பற்றையா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. இதை நான் அபூ காலித்திடம் சொல்லவில்லை.

பிராங்பேர்ட் விமானநிலையத்துக்குப் போகிற ரயில் வழியில் ஒரு சோளக் காட்டுக்குள் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் ஆட்கள் நடமாட்டமாம். எதிரே இருந்த ஜேர்மன் பெண் மணிக்கூட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பிறகு பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். நானும் புட்டுப் பார்சலைத் திறந்தேன். சம்பல் வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. "அது தேங்காயா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எனக்கும் பிடிக்கும்," என்றார், ஆனால் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார்.

விமானத்தில் ஏறமுன் இஸ்ரேல்காரர்களின் விசாரணை தனியாக நடக்கும். ஒரு இளம் பெண் என் பெட்டியில் இருந்த கமராக்களையும் சிறு மின்பலகைகளையும் ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். எங்கே பிறந்தாய், ஏன் ஜேர்மனிக்கு வந்தாய், இஸ்ரேலில் யாரைத் தெரியும், யாராவது எதையாவது கொண்டுபோகச் சொன்னார்களா என்றெல்லாம் கேட்டாள். எதையும் கொண்டுபோகச் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான். அபூ காலித் கேட்டது கொண்டுவரச் சொல்லி.

ரெல் அவீவில் வாடகைக் கார் எடுத்தேன். வடக்கே போகப் போக வழிகாட்டிக் கருவி குழம்பியது. அண்மையில் மூண்ட போருக்குப் பின், ஏவுகணைகள் வழி தவறட்டும் என்று, அங்கே செய்மதிச் சைகைகளைக் குழப்பிவிடுகிறார்களாம். திபேரியா நகரைத் தாண்டியதும் என் கார், எல்லைக்கு அப்பால், பெய்ரூட் விமானநிலையத்து ஓடுபாதையில் நிற்பதாகத் திரை காட்டியது. கொஞ்சத் தூரம் போனேன், அப்போதும் பெய்ரூட்தான். பெற்றோல் நிலையத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் கையை மேலே காட்டினார். "மலை ஏறு. ஏறி முடிந்தால் வலது பக்கம்," என்றார். அப்படியே செய்தேன், சரியாக வந்தது.

மேலே வந்ததும் நிலம் வேறு. கருங்கல். எங்கு பார்த்தாலும் எரிமலைக் கல், வேலியும் கல், வயலின் நடுவிலும் கல். இடையிடையே அப்பிள் தோட்டம், திராட்சை, மாடு. காற்றாலைகள் வரிசையாக நின்றன. தெருவின் இரு பக்கமும் முள்கம்பியில் மஞ்சள் பலகை தொங்கியது, கண்ணிவெடி என்று மூன்று மொழியில். ஹெர்மோன் மலை பக்கத்திலேயே இருக்கிறது. நான் போனது கோடை முடிகிற காலம். உச்சியில் பனி இல்லை, வெறும் மண் நிறம். சில கட்டடங்கள் கூரையில்லாமல் குண்டுத் துளைகளோடு நின்றன. அவை சிரிய இராணுவத்தின் பழைய முகாம்கள் என்று பிறகு அறிந்தேன். அவற்றைச் சுற்றி யூகலிப்டஸ் மரங்கள் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தன.

கிபுட்ஸின் வாசலில் இரும்புக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே நம் ஊர் ஆசிரியர் விடுதிகளைப் போல ஒரே மாதிரிச் சிறு வீடுகள், புல்வெளி, சைக்கிள்கள், நடைபாதை ஓரத்தில் கொங்கிரீட் பதுங்கிடங்கள். பதுங்கிடங்களின் சுவரில் பிள்ளைகள் பட்டாம்பூச்சி வரைந்திருந்தார்கள். அப்பிள் பொதியிடும் கூடத்தின் பொறுப்பாளர் கில் என்னை அழைத்துப் போனார். ஐம்பதை எட்டும் வயது, அங்கேயே பிறந்தவர், அரைக் காற்சட்டை, மழையிலும் வெயிலிலும் கழற்றாத செருப்பு. அவருக்கும் எனக்கும் ஆங்கிலம்.

"முன்பு எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு," என்றார். "என் உள்ளாடைக்குக்கூட இலக்கம் இருந்தது, பொதுச் சலவைக்குப் போகும். இப்போது அவரவர் வீடு அவரவருக்கு. சாப்பாட்டுக் கூடம் கிழமையில் சில நாள்தான் திறக்கும்."

இரவுச் சாப்பாட்டுக்கு அன்று திறந்திருந்தது. வெள்ளரிக்காயும் தக்காளியும் பொடியாக அரிந்து எண்ணெய் விட்டது, வெண்ணெய்க்கட்டி, அவித்த முட்டை, பாண். ஒவ்வொருவரும் தட்டில் தாங்களே அரிந்துகொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு விருந்தாளிக்கு வெள்ளரிக்காயும் கத்தியும் கொடுத்தால் அடுத்த தலைமுறைவரை பேச்சு இருக்கும்.

மறுநாள் காலை இயந்திரத்தைத் திறந்தேன். அப்பிள்கள் தண்ணீர் வாய்க்காலில் மிதந்து வந்து, ஒரு கூண்டுக்குள் உருளும். கமராக்கள் நிறம் பார்க்கும். ஒரு கமரா பச்சையைச் சிவப்பென்று சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரம் போயிருந்தது. கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதே? சரி, நான் பின்னேரம் எடுக்கிறன்."

திரும்பிப் பார்த்தேன். அப்பிள் பெட்டி அடுக்குகிற ஆள், நாற்பது வயது மதிக்கலாம்.

"எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "தமிழே? நான் உங்களை மலையாளத்து இஞ்சினியர் ஆக்கும் எண்டு நினைச்சன். நான் முருங்கன், அண்ணை. மன்னார். பேர் சேகர்."

இங்கே இந்தப் புதிய போர் மூண்ட பிறகு தோட்ட வேலை செய்த தாய்லாந்துக்காரர் பலர் ஊர் போய்விட்டார்கள், இலங்கையிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்றார். சேகர் ஊரில் வயல் செய்தவர். இங்கே பழகிவிட்டது, ஆனால் சைரன்தான் பழகவில்லை. "அடிச்சா ஒரு நிமிசமும் தரமாட்டாங்கள். எல்லை கிட்டத்தானே. அப்பிளைப் போட்டிட்டு ஓடோணும். வீட்டிலை இதொண்டும் சொல்லுறேல்லை. குளிர் எண்டு மட்டும் சொல்லுறனான்."

நான் ஊற்றைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் அவரும் மற்ற வேலைக்காரரும் அங்கேதான் குளிக்கப் போவார்களாம்.

"பழைய ஊர் இடிஞ்சு கிடக்கு, அதுக்குப் பக்கத்திலை. நான் கூட்டிக்கொண்டு போறன். ஆனா ஒண்டு அண்ணை, நான் வைக்கிற இடத்திலைதான் காலை வைக்கோணும். கம்பிக்கு அங்காலை வெடி கிடக்கு."

சனிக்கிழமை காலை போனோம். கிபுட்ஸிலிருந்து அப்பிள் தோட்டத்துக்குள்ளால் நடந்து, ஒரு சரிவில் இறங்கினால் அந்த இடம். சேகர் சோறும் பருப்பும் கொண்டுவந்திருந்தார், பால்மாவில் வைத்த பருப்பு. ஊற்று ஒரு சிறு தொட்டியாகக் கட்டப்பட்டிருந்தது. மூலையில் போரில் இறந்த ஒரு படைவீரனின் நினைவுக் கல். மூன்று இளைஞர்கள் பாட்டுப் போட்டுவிட்டுத் தண்ணீரில் கிடந்தார்கள். பக்கத்தில் அத்திமரங்கள், யாரும் பறிக்காமல் பழுத்து விழுந்திருந்தன.

நான் ஊரைத் தேடினேன். ஊர் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. சரிவு முழுக்கக் கருங்கல் குவியல்கள். எது சுவர், எது வயல் வரம்பு, எது வெறும் மலை என்று பிரிக்க முடியவில்லை. ஊற்றுக்கு மேலே ஒரு வளைவு மட்டும் நின்றது. கீழே ஒரு வாசற்படி, அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. அபூ காலித்தின் வீடு எது என்று யாரால் சொல்ல முடியும்? பாறைகளும் எல்லாப் பக்கமும் இருந்தன. படம் எடுத்தேன். எடுத்த பிறகு பார்த்தபோது மயிலிட்டிப் படத்தை விட இதில் கல் கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இதிலை இருந்த சனம் இப்ப எங்கை?" என்று சேகர் கேட்டார்.

"ஒருத்தர் எனக்குப் பக்கத்துத் தெருவிலை," என்றேன்.

அவர் பருப்பைச் சோற்றோடு பிசைந்தார். "அப்ப நான் இதிலை சவுக்காரம் போட்டுக் குளிச்சது சரியில்லை," என்றார். அதற்குப் பிறகு அன்று அவர் தண்ணீரில் இறங்கவில்லை.

பின்னேரம் கில் என்னைத் தன் தாயின் வீட்டுக்குக் கோப்பிக்கு அழைத்தார். "அம்மா முதற் கூட்டத்தில் வந்தவர். உன்னைப் பார்க்க வேண்டுமாம், ஜேர்மனியிலிருந்து வந்தவன் என்று. ஆனால் அரசியல் கேட்காதே. கேட்டால் இரவாகிவிடும்."

தாயின் பெயர் ரூத்தி. எண்பதை நெருங்குகிறவர். குட்டை வெள்ளை முடி, தோட்டத்து மண் ஒட்டிய விரல்கள். கதவைத் திறந்ததுமே ஜேர்மன் மொழியில் பேசினார். பெற்றோர் மன்ஹைமிலிருந்து தப்பி வந்தவர்களாம். வீட்டுச் சமையலறையில் மட்டும் பேசிய மொழி. இப்போது யாரும் சொல்லாத பழைய சொற்கள் அவர் வாயில் வந்தன. கில்லுக்கு அது விளங்காது. அவர் ஒரு கதிரையில் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்ஹைமில் எந்தத் தெரு?" என்று கேட்டேன். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து கொஞ்சத் தூரம்தான்.

"அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது."

அப்பிள் கேக் வெட்டித் தந்தார். அவர் முதலில் வந்த கதையைக் கேட்டேன், அது அரசியல் இல்லை என்று நினைத்துக்கொண்டு. போர் முடிந்த சில கிழமையிலேயே ஒரு லொறியில் வந்தார்கள். இருபது வயதுப் பெண்களும் பெடியன்களும். சிரிய ஊர்களில் கைவிடப்பட்டு அலைந்த மாடுகளைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. கூரை இருந்த ஒரு வீட்டில் தங்கினார்கள். அந்தக் குளிர்காலமும் அங்கேயே. அடுத்த வருடம்தான் இந்த மேட்டில் கொட்டில்கள் போட்டார்கள்.

"அந்த ஊர், ஊற்றடியில் இருக்கிற ஊரா?"

"ஆமாம்."

"தண்ணீர் எப்படி எடுத்தீர்கள்?"

"வாளியில். ஊற்று மேலே, நாங்கள் கீழே. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றி ஏற வேண்டும். நிரப்பிக்கொண்டு இறங்கும்போது சேற்றில் சறுக்கும். வீட்டுக்கு வந்தால் வாளியில் பாதி."

"வாசலில் நின்றால் ஊற்று தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "தெரியாது. பாறை மறைக்கும். ஏன் கேட்கிறாய்?"

அந்த ஊரில் கூரையோடு வேறு வீடுகள் இருந்தனவா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். மற்றவை குண்டில் போயிருந்தன. தாங்கள் தங்கிய வீட்டின் பின் முற்றத்தில் களிமண் குழாய்களை அடுக்கி வைத்த தேன்கூடுகள் இருந்தன என்றார்.

கோப்பிக் கிண்ணத்தை மேசையில் வைத்தேன். யாராவது அங்கே மிஞ்சி இருந்தார்களா என்று கேட்டேன்.

"ஒரு மனிதர்," என்றார் ரூத்தி. "நாங்கள் வந்து சில நாளைக்குப் பிறகு ஓக் மரங்களின் பக்கமிருந்து இறங்கி வந்தார். கூப்பிட்டோம். திரும்பவில்லை. நடிக்கிறார் என்று ஒருவன் சொன்னான். எங்களில் ஒருத்தி போய் அவர் காதுக்குப் பின்னால் கை தட்டினாள். அப்போதுதான் விளங்கியது. அவர் நேரே பின் முற்றத்துக்குப் போய், தேன்கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காதால் கேட்க முடியாததைக் கையால் கேட்கிறவர் போல. கிழவர் என்று நினைத்தோம். இப்போது யோசித்தால் கில்லின் வயதுதான் இருக்கும்."

தன் பெயர் கேட்டு கில் தலை நிமிர்ந்தார். தாய் அவரைக் கவனிக்கவில்லை.

"எங்களோடே இருந்தார். பாண் கொடுத்தேன். தேன் எடுத்துத் தந்தார். முதல் மழைக்கு முன் இராணுவ ஜீப் வந்தது. பக்கத்து நகரம் குனெய்த்ராவில் செஞ்சிலுவைக்காரர் இருக்கிறார்கள், அவர்கள் பொறுப்பு எடுப்பார்கள் என்றார்கள். ஏறமாட்டேன் என்று கையசைத்தார். பிறகு ஏறினார். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது."

"வீடு?"

"கதவுகளை நாங்களே குளிருக்கு எரித்தோம். மற்றதைப் புல்டோசர் செய்தது." அவர் கேக் துண்டை என் பக்கம் நகர்த்தினார். "உனக்கு யாரையோ தெரியும்."

"தெரியும்."

"எங்கே இருக்கிறார்?"

"ஜேர்மனியில்."

"எல்லோரும் ஜேர்மனியில்தான்," என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. கில்லும் ஜேர்மன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று, மகன் விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார். போகிறபோது கதவு வரை வந்தார். மன்னிப்பு என்றோ வணக்கம் சொல் என்றோ எதுவும் சொல்லவில்லை. "முழங்கால் நோகும் அந்த இறக்கத்தில் இறங்கினால், கவனம்," என்று மட்டும் சொன்னார். நான் அங்கே ஏற்கனவே இறங்கி ஏறியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புதிய கமராவைப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். பச்சை பச்சையாகவே வந்தது. சேகர் ஒரு பை நிறைய அப்பிள் தந்தார். நான் மிஞ்சியிருந்த சம்பல் போத்தலைக் கொடுத்தேன். "அந்தாளுக்குச் சொல்லுங்கோ, அத்திமரம் நல்லாக் காய்க்குது எண்டு," என்றார். மலை இறங்கும்போது வழிகாட்டிக் கருவி மறுபடியும் என்னைப் பெய்ரூட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

கார்ல்ஸ்ரூஹேயில் மழை. மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்த காலித் என் முகத்தைப் பார்த்ததும், "அவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, மெதுவாகச் சொல்," என்றான். அபூ காலித் ஜன்னலோரம் இருந்தார். படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் அடையாளம் காணவில்லை.

"மேலே," என்றேன். "பாறைக்குப் பின்னால். வாசலில் நின்றால் தெரியாது."

காலித் மாற்றிச் சொன்னான். அவர் தலையாட்டினார். இத்தனை வருடம் தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்கிற தலையாட்டல். யார் சொன்னது என்று கேட்டார். அந்த வீட்டில் ஒரு குளிர்காலம் படுத்த பெண் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

மீதியைச் சொல்லத்தான் எனக்கு நேரம் எடுத்தது. பெரியப்பா ஊற்றடியில் இல்லை, ஓக் மரங்களின் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்றேன். பிறகு இறங்கி வந்தார். உயிரோடு இருந்தார். தேன்கூட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாண் சாப்பிட்டார். ஜீப்பில் கொண்டுபோனார்கள். காலித் பாதியில் நிறுத்தி, "கையா? கை வைத்தாரா?" என்று என்னிடமே கேட்டான். பிறகு தகப்பனுக்குச் சொன்னான்.

அபூ காலித் தன் வலது கையை எடுத்து மேசையின் மேல் விரித்து வைத்தார். அப்படியே வைத்திருந்தார். காலித்தின் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "நான் சரியாகத்தான் பார்த்தேன்," என்றார் கடைசியில். "ஆனால் அவர் இருந்திருக்கிறார்."

பிறகு அம்மானுக்கு அழைக்கச் சொன்னார். காலித் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினான். தமையனின் குரல் மெலிந்து, இருமலோடு வந்தது. அபூ காலித் பேசினார். நான் அரபு அறியேன், ஆனால் ஊற்று என்கிற சொல்லைக் காலித்திடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அந்தச் சொல் வரவில்லை. அவர் மேலே என்றோ கீழே என்றோ சொல்லவில்லை. பெரியப்பா பாண் சாப்பிட்டதைத்தான் சொன்னார் என்று காலித் மெதுவாக எனக்குச் சொன்னான்.

மறுமுனையில் இருமல் கேட்டது. பிறகு தமையன் ஒன்று கேட்டார். அபூ காலித் என் பக்கம் திரும்பினார்.

"பெரியப்பாவுக்கு நாய் என்றால் பயம்," என்றான் காலித். "குரைப்பது கேட்காது, அதனால் எப்போதும் பின்னால் பார்த்துக்கொண்டே நடப்பாராம். அங்கே நாய்கள் வைத்திருந்தார்களா என்று கேட்கிறார்."

நான் அதைக் கேட்டிருக்கவில்லை என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே, அங்கே நாய் இருந்ததா என்று தாயிடம் கேட்கச் சொல்லிக் கில்லுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். யாருக்காக என்று எழுதவில்லை. பதில் மறுநாள் வேலை நேரத்தில் வந்தது. "அம்மா சொல்கிறார், முதல் வருடம் நாய் இல்லை. மாட்டுக்காக அடுத்த வருடம்தான் ஒன்று கொண்டுவந்தார்கள். நிச்சயமாகவா என்று இரண்டு தரம் கேட்டேன். நிச்சயம் என்கிறார்."

பக்கத்து மேசைக்குப் போய்த் தொலைபேசித் திரையைக் காலித்திடம் காட்டினேன். வாசித்தான். கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, தன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் நடந்தான். கண்ணாடிக்கு அப்பால், லொறிகளுக்கு நடுவே நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு உரத்துப் பேசுவது தெரிந்தது. அவனுடைய மேசையில் வயர் உறைகளைச் சூடேற்றும் கருவி எரிந்துகொண்டிருந்தது. நான் அதை நிறுத்திவிட்டு என் வேலைக்குத் திரும்பினேன்.